ஆட்டுக்காக ஓடிப்போனவன்

வண்டிய மெதுவா ஓட்டுங்க அண்ணாச்சி. பின்னால நிக்கிறது மனுசனா இருந்தா நான் வாயே தொறந்திருக்க மாட்டேன். நாலும் காளீஸ்வரி கையால வேப்பங்கொழை தின்னு வளந்த ஆடு. ஒண்ணு கால ஒடிச்சுக்கிட்டாலும் அவ என் கால ஒடிச்சிருவா.

காளீஸ்வரி யாருன்னா கேக்கீக? காலையில ஒங்ககிட்ட வாடகை பேசுனாளே, அவதான். எனக்கு என்ன வேணுமா? அதுலதான் சிக்கலே. ரெண்டு வருசத்துக்கு முந்தி கேட்டிருந்தா பொண்டாட்டின்னு பட்டுன்னு சொல்லியிருப்பேன். இப்ப அவ மொதலாளி. நான் ஆடு பாத்துக்கிற ஆளு. சம்பளம் உண்டு, சோறு உண்டு, படுக்கை ஆட்டுக் கொட்டகையில. நாளையிலேருந்து நான் யாருன்னு எனக்கே தெரியாது. "இந்த நாலையும் அந்த மாரிக்கண்ணு வீட்டுல கொண்டுபோய் விட்டுட்டு வா, பெறகு பேசுவோம்"னு நேத்து சொல்லியிருந்தா. அந்தப் பெறகுக்காகத்தான் ஒங்க வண்டியில உக்காந்திருக்கேன்.

சிரிக்காதீக. இல்ல, சிரிங்க. ஊரே சிரிச்சு முடிச்சிருச்சு, நீங்க ஒருத்தர் சிரிச்சு எனக்கு என்ன கொறையப் போகுது.

நான் லேசுப்பட்ட ஆளுன்னு நெனைச்சிறாதீக. எட்டயபுரம் ஆட்டுச் சந்தையில தவசின்னு கேட்டுப் பாருங்க. தரகு. விக்கிறவன் கையும் வாங்குறவன் கையும் என் துண்டுக்குள்ளதான் பேசும். வெளிய வாய் தொறக்கக் கூடாது. துண்டுக்குள்ள கைய விட்டு வெரலப் புடிக்கணும். எத்தனை வெரலோ அத்தனை ஆயிரம், பாதி வெரல் மடக்குனா ஐநூறு. பக்கத்துல நிக்கிறவனுக்கு ஒண்ணும் தெரியாது. அப்படியாப்பட்ட துண்டு இது. இப்ப ஆட்டுப்புழுக்க தொடைக்க ஆகுது.

ஊரு ஆட்டுக்கெல்லாம் வெலை பேசுனவன் வீட்டுல சொந்தமா ஒரு குட்டி கெடையாது. தரகுக் காசு பாதி சந்தையிலயே கரைஞ்சிரும். மிச்சத்த நான் கரைச்சிருவேன். காளீஸ்வரி நூறு நாள் வேலைக்குப் போயி கம்மாயில மண்ணு வெட்டி அடுப்பெரிச்சா. நான் டீக்கடையில ஆட்டு வெலையைப் பத்திப் பேசிக்கிட்டு ஒரு கவுரவமா இருந்தேன்.

அப்பத்தான் அந்தத் திட்டம் வந்துச்சு. ஏழைப்பட்ட பொம்பளைகளுக்கு நாலு ஆடு, சும்மா. ஆனா ஒரு கண்டிசன். புருசன் செத்திருக்கணும், இல்லன்னா விட்டுட்டு ஓடியிருக்கணும். டீக்கடையில எல்லாரும் "நமக்கில்லப்பா"ன்னு எந்திரிச்சுப் போயிட்டானுக. எனக்கு மட்டும் மூளை வேலை செய்யுது. சாகுறது கஷ்டம். ஓடுறது என்ன கஷ்டம்?

வீட்டுல போய்ச் சொன்னேன். "ஒரு மாசம் நான் ஓடிப்போயிர்றேன். ஆடு வந்ததும் திரும்பி வந்துர்றேன்." அவ, "வேண்டாங்க, நல்லா இருக்காது"ன்னா. நான் விடல. "ஒனக்கு என்ன தெரியும், எங்க எப்ப எதப் பேசணும்னு எனக்குத் தெரியும்"னேன். இந்த வாக்கியத்த என் வாழ்க்கையில எத்தனை தடவை சொல்லியிருப்பேன்னு இப்ப நெனைச்சா எனக்கே கூச்சமா இருக்கு.

சும்மா ஓடுனா ஊரு நம்பாதுல்ல? விசாரிக்க வருவாகல்ல? அதுனால ஒரு சண்டை போடணும், நாலு பேரு முன்னாடி. எடத்தையும் நாந்தான் தேர்வு செஞ்சேன். ரேசன் கடை, சீனி போடுற அன்னைக்கு. ஊரே வரிசையில நிக்கும். ரெண்டு நாள் ஒத்திகை பாத்தோம். நான், "உன்கூட மனுசன் வாழுவானா"ன்னு கத்திட்டு வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டு பஸ் ஏறணும். அவ, "ஐயோ, என்னை விட்டுட்டுப் போறீகளே"ன்னு அழணும். அவ்வளவுதான். ஒத்திகையில நல்லாத்தான் அழுதா.

அன்னைக்குப் போனேன். வரிசை வாசல் வரைக்கும் நிக்கிது. எனக்கு ஒரே குசி. தொண்டையச் செருமிக்கிட்டு, "உன்கூட மனுசன் வாழுவானாடீ"ன்னேன். டீ நானாச் சேத்தது, ஒரு எடுப்புக்கு.

அவ சீனிப் பையக் கீழ வெச்சா அண்ணாச்சி. முந்தானைய இழுத்துச் சொருகுனா. ஒத்திகையில இது இல்லையே.

"யாருய்யா வாழல? யாருய்யா வாழல?"ன்னா. "கட்டி வந்த நாள்லேருந்து ஒனக்குச் சம்பளமில்லாத வேலைக்காரியா இருக்கேன். புள்ள பெத்து நான் ஆசுபத்திரியில கெடக்கேன், நீ சந்தையில எவனோ ஒருத்தன் கெடாய்க்கு வெலை பேசிக்கிட்டு நிக்க. என் கம்மல வாங்கிட்டுப் போயி அடகு வெச்சியே, அது எந்தக் காதுல தொங்குதுன்னு இன்னைக்கு வரைக்கும் சொன்னியா? நான் மண்ணு சுமந்த காசுல நெதம் டீயும் வடையும் திங்கியே, ஒரு நாளாச்சும் ஒரு வடைய எலையில மடிச்சு எனக்குன்னு கொண்டாந்திருக்கியா?"

நான் மெதுவா, "ஏ புள்ள, அழு, அழு"ங்கேன். அவ, "நான் எதுக்குய்யா அழணும்?"னு இன்னும் சத்தமாக் கேக்கா. எனக்கு அடுத்த வசனம் மறந்து போச்சு. சந்தையில ஒரே நேரத்துல மூணு யாவாரிய மடக்குன வாயி, அன்னைக்கு அந்த 'அழு'வையே திருப்பித் திருப்பிச் சொல்லுது.

கம்மல் சங்கதிய விடுங்க. அந்த வடை அண்ணாச்சி. அவளுக்கு வடை புடிக்கும்னே எனக்குத் தெரியாது. சத்தியமாத் தெரியாது.

இதுக்கு நடுவுல நான் என்ன நெனைச்சேன்னா, ஊருக்காரங்க வந்து குறுக்க விழுவாக, "ஏலே தவசி, போகாதடா, புள்ள முகத்தப் பாருடா"ன்னு கையப் புடிச்சு இழுப்பாக, நான் உதறிட்டுப் போறாப்புல ஆகும்னு கணக்குப் போட்டிருந்தேன். ஒருத்தரும் வரல. சீனி நிறுக்கிறவரு நிறுத்துக்கிட்டே இருக்காரு. வரிசையில எனக்குப் பின்னால நின்ன ஆளு, நான் விலகுன எடத்துல தன் பைய வெச்சாச்சு. பக்கத்து வீட்டு பஞ்சவர்ணம் மதினி மட்டும், "தம்பி, போறதுன்னா பஸ்ஸு இப்ப வந்துரும்"னாக. பஸ்ஸும் வந்துருச்சு. எங்க ஊருக்கு என்னைக்குமே நேரத்துக்கு வராத பஸ்ஸு.

யாராச்சும் கூப்புடுவாகன்னு படியில நின்னே பாத்தேன். கண்டக்டருதான், "உள்ள ஏறுய்யா"ன்னாரு.

பெறகு விசாரணைக்கு ஒரு மேடம் வந்திருக்காக. பொய்ச்சாட்சிக்கு ஆளு புடிக்கணுமேன்னு நான் கவலைப்பட்டுக் கெடந்தேன். ஒரு ஆளு புடிக்க வேண்டியதில்ல. ஊருல அத்தனை பேரும் மனசாரச் சொல்லியிருக்காக. எங்கம்மா மொதக்கொண்டு, "அவன் எப்பவோ போயிருக்க வேண்டியவன்"னு சொல்லுச்சாம். அந்த மேடம் கண்ணு கலங்கிப் போயி எழுதிக்கிட்டுப் போனாகளாம். நாலு ஆடு வந்துருச்சு. காதுல மஞ்சளா தோடு மாட்டி விட்டிருந்தாக, அடையாளத்துக்கு. நான் புடுங்கிட்டுப் போன கம்மலுக்குப் பதிலா சர்க்காரு எங்க வீட்டு ஆட்டுக்குத் தோடு போட்டுருச்சு.

நான் திருப்பூருல இருந்தேன். பனியன் கம்பெனிப் பையங்க தங்குற எடத்துல ஒரு மெஸ்ஸு. அங்க வெங்காயம் உரிக்கிற வேலை. ஒரு மாசந்தானேன்னு சேந்தேன். போன் போட்டு, "வரவா?"ன்னு கேட்டா, "இப்ப வராதீங்க, டாக்டரு ஆட்டப் பாக்க வாராரு"ங்கா. அடுத்த மாசம் போட்டா, "இன்சூரன்சுக்காரங்க வாராக"ங்கா. அதுக்கு அடுத்து போட்டா, "ரெண்டு நிமிசம் இருங்க, ஆளு எழுதிக்கிட்டிருக்கேன்"னா. என்ன ஆளுன்னு பாத்தா, நூறு நாள் வேலையில அவளையே மேஸ்திரி மாதிரி போட்டுட்டாக. வந்தவுக பேர எழுதி, மண்ண அளந்து பாக்கிற வேலை. ரெண்டு நிமிசம்னு வெச்ச போன அவ திரும்ப எடுக்கல. நானும் காதுல வெச்சுக்கிட்டே ஒரு சட்டி வெங்காயம் உரிச்சேன். கண்ணுல தண்ணி. வெங்காயந்தான்.

தீவாளி போச்சு, பொங்கலு போச்சு. மெஸ்ஸுல சமையக்காரரு சண்டை போட்டுட்டுப் போனாரு, என்னைக் கரண்டியப் புடிக்கச் சொல்லிட்டாக. மொத நாள் சாம்பார ஊத்துனா பையங்க எந்திரிச்சு கைகழுவப் போறானுக. பெறகு பழகிருச்சு. எனக்கு ரசம் நல்லா வரும் அண்ணாச்சி. ஒரு நாளைக்கு வீட்டுக்கு வாங்க. யாரு வீட்டுக்குன்னு கேக்காதீக, வாங்க.

ஒரு நாள் பொறுக்க முடியாம பஸ் ஏறிட்டேன். கோயில்பட்டி பஸ் ஸ்டாண்டுல ஒரு பொட்டலம் வடை வாங்குனேன், அவ திங்கட்டும்னு. வீட்டு வாசல்ல போயி நிக்கேன். வாசல் நெறைய ஆடு. நாலு, பத்தாயிருக்கு. என் மக கார்த்திகா வெளிய வந்து பாத்துட்டு, "அம்மா, ஓடிப்போனவரு வந்திருக்காரு"ன்னு உள்ள சத்தம் குடுக்கா. போஸ்ட்மேன் வந்தாப்புல.

காளீஸ்வரி வந்தா. என்னை ஏற எறங்கப் பாத்தா. ரோட்டையும் பாத்தா, யாராச்சும் வாறாகளான்னு. "புருசன் திரும்பிட்டான்னு தெரிஞ்சா ஆட்டப் புடிச்சுக்கிட்டுப் போயிருவாக"ன்னா. "எனக்கும் வேலைக்குப் போயிட்டு ஆட்டையும் பாக்க முடியல. ஒரு ஆளு வெக்கலாம்னு இருந்தேன். இருக்கிறதுன்னா ஆளா இரு."

நான் வெளையாட்டுன்னு நெனைச்சு, பழைய பழக்கத்துல, துண்ட ஒதறிக் கைமேல போட்டு நீட்டுனேன், வெலை பேசலாம்னு. "எடு அதை. எனக்கு வெளிச்சத்துல பேசித்தான் பழக்கம்"னு சொல்லி, வாயாலயே சம்பளத்தச் சொன்னா. கொறைச்சல்தான். தரகன்னு மார் தட்டுனவன், ஒரு ரூவா கூட்டிப் பேச முடியல. இந்தக் களேபரத்துல வடைப் பொட்டலத்த ஆடு தின்னுருச்சு.

ஆடு மேய்க்கிறது லேசுன்னு நெனைக்கீகளா? நானும் அப்படித்தான் நெனைச்சேன். ஆட்ட ஒரு தடவை முதுகுல தடவிப் பாத்து எத்தனை கிலோ கறி நிக்கும்னு சொல்லிருவேன். ஆனா உசுரோட ஒரு ஆடு எந்தப் பக்கம் ஓடும்னு எனக்குத் தெரியாது. மொத நாளே ஆடு பருத்திக் காட்டுக்குள்ள எறங்கி, காட்டுக்காரன்கிட்ட நான் அசிங்கப்பட்டேன். "யாரு ஆளுய்யா நீ?"ங்கான். தெரிஞ்சவந்தான், வேணும்னே கேக்கான். "காளீஸ்வரி ஆளு"ன்னு சொல்ல வெச்சுட்டுத்தான் விட்டான். ஊரு பூரா அந்த நாடகத்துல சேந்துக்கிட்டாக. பஞ்சவர்ணம் மதினி எதிர்ல வந்தா, "என்ன ஆட்டுக்காரரே, ஒங்க மொதலாளியம்மா சௌக்கியமா"ங்காக. அதிகாரிக்குப் பயந்து நடிக்காகளா, எனக்காகவே நடிக்காகளா, இன்னும் வெளங்கல.

ஒரு நாள் அந்த மேடம் வந்துட்டாக. நான் கொழைக்கட்டோட நிக்கேன். கார்த்திகாகிட்ட, "அப்பாவைப் பத்தி ஏதாவது தகவல் உண்டாம்மா?"ன்னு கேக்காக. இவ தண்ணி வாளிய என் கையில குடுத்துக்கிட்டே, "இல்ல மேடம், ஓடிப்போனவருதான்"னு சொல்லுதா. கொரலு தழுதழுத்துச்சு. என்னா நடிப்புங்கீக! நடிப்புன்னுதான் நெனைச்சுக்கிட்டிருக்கேன்.

காலையில காளீஸ்வரி வேலைக்குப் போயிட்டா வீட்டுல அடுப்பு சும்மாத்தான் கெடக்கும். கைய வெச்சுக்கிட்டு இருக்க முடியல. சோறு வடிச்சேன், கொழம்பு வெச்சேன். சமைக்கிறதுக்குத் தனியா ஏதாச்சும் போட்டுக் குடுன்னு ஒரு நாள் கேட்டேன். "நான் சமைச்சப்ப நீ என்ன குடுத்த?"ன்னா. அதோட விட்டுட்டேன். ஆனா ரசத்த ரெண்டாவது வாட்டி வாங்கி ஊத்திக்கிட்டா. அன்னைக்கு எனக்குச் சந்தையில பெரிய கெடா ஒண்ணு முடிச்சாப்புல இருந்துச்சு.

இப்ப இந்த மாரிக்கண்ணு கதைக்கு வாறேன். அங்க, பாலம் தாண்டி எடது பக்கம் திரும்பணும் அண்ணாச்சி.

இந்தப் புள்ளையோட புருசன் மெய்யாவே ஓடிட்டான். சண்டையும் இல்ல, ஒத்திகையும் இல்ல. வேலைக்குன்னு போனவன், செல்போனத் தூக்கிப் போட்டுட்டான். கைக்கொழந்தை. ஆட்டுக்கு இந்தப் புள்ளையும் எழுதிக் குடுத்திருக்கு. அந்த வட்டாரத்துக்கு வந்த ஆடு அளவுதான், காளீஸ்வரிக்குக் குடுத்ததோட தீந்துருச்சு. எனக்கு இதெல்லாம் தெரியாது. ஏதோ மகளிர் கூட்டத்துல ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல உக்காந்திருக்காக. அந்தப் புள்ள காளீஸ்வரி கையப் புடிச்சுக்கிட்டு, "அக்கா, ஒங்க வீட்டுக்காரரும் இன்னும் வரலையாக்கா?"ன்னு கேட்டு அழுதிருக்கு. தனக்காக இல்ல அண்ணாச்சி, காளீஸ்வரிக்காக.

அன்னைக்கு அவ சாப்புடல. ரசம் வேற நல்லா வந்திருந்துச்சு. செவத்தப் பாத்து உக்காந்துக்கிட்டு, "என்னைப் பாத்து அந்தப் புள்ள அழுகுதுய்யா"ன்னா. நானும் அவளுக்கு ஆறுதலா, "விடு, அவளுக்கு அடுத்த வருசம் குடுப்பாக"ன்னேன். அவ பார்த்த பார்வையில நான் கொட்டகைக்குப் போயிட்டேன். கொட்டகையில ஆடெல்லாம் அசை போட்டுக்கிட்டுக் கெடக்கு. எனக்கு மட்டும் ஒண்ணும் செரிக்கல. வெக்கமா இருந்துச்சு அண்ணாச்சி, மெய்யாவே.

நாலு ஆட்ட அந்தப் புள்ளைக்குக் குடுக்கிறதுன்னு அவளா முடிவு பண்ணுனது. எந்தச் சட்டத்துலயும் இல்ல, ஒரு அதிகாரியும் கேக்கல. சரி, குடுக்கிறதுன்னு ஆச்சு, நான் தரகன்ல? ஒரு நொண்டிப் பெட்டையையும், சளி புடிச்ச மூணையும் அந்தப் புள்ளைக்குத் தள்ளி விட்டுரலாம்னு யோசனை சொன்னேன். அவ கேக்கவே இல்ல. நேரா உள்ள போயி, இருக்கிறதுலயே நல்ல நாலு பெட்டையாப் பாத்துக் கயித்தக் கட்டிட்டா. ஒண்ணு செனை. பின்னால வலது ஓரமா நிக்கிதே, அதுதான். பள்ளம் பாத்துப் போங்க.

இன்னைக்குக் காலையில ஒங்க வண்டியில ஆட்ட ஏத்திட்டு அவகிட்டப் போயி நின்னேன். மனசு கேக்கல. "ஆடு பாதி போயிருச்சு. இனிமே ஆளு வேணுமா வேண்டாமா? அடுத்த மாசத்துக்குச் சம்பளம் என்ன? தெளிவாச் சொல்லிரு"ன்னேன். அவ கைய முந்தானையில தொடைச்சா. பெறகு, "துண்டப் போடுங்க"ன்னா.

எனக்கு ஒண்ணும் புரியல. வெளிச்சத்துல பேசுறவளாச்சே? சரின்னு போட்டேன். துண்டுக்குள்ள கைய விட்டா. நான் எந்த வெரலப் புடிக்கப் போறான்னு மூச்சடக்கி நிக்கேன். ஒத்த வெரலும் புடிக்கல அண்ணாச்சி. கைய அப்படியே கையோட வெச்சுப் புடிச்சுக்கிட்டா. மண்ணு வெட்டிக் காச்ச கை, சொரசொரன்னு. ரொம்ப நேரம் புடிச்சிருந்தா. நான் அசைச்சுக் கூடப் பாத்தேன், கணக்க மறந்துட்டாளோன்னு.

வெரலப் புடிச்சாத்தான் கணக்கு. இப்படி முழுக்கைய அணைச்சுப் புடிச்சா அதுக்குச் சந்தையில வெலையே கெடையாது. "என்ன புள்ள, ஒண்ணுமே சொல்லல? அப்ப சம்பளம்?"னேன். "இனிமே கெடையாது"ன்னுட்டு, மூஞ்சியத் திருப்பிக்கிட்டு, "போயிட்டு வெரசா வாங்க. அங்க போயி வாயத் தொறக்காதீங்க, ஆளுன்னு மட்டும் சொல்லுங்க. நாளைக்கு நானே வந்து அந்தப் புள்ளைகிட்ட எல்லாத்தையும் சொல்லிக்கிறேன்"னு சொல்லிட்டு உள்ள போயிட்டா.

பாத்தீகளா அநியாயத்த? ஒரு வருசத்துக்கு மேல வேலை பாத்த ஆள, ஒரு வார்த்தையில சம்பளம் இல்லன்னு கழிச்சு விடுதா. ஒரு ஆட்டுக்குக் கூட...

என்ன அண்ணாச்சி சிரிக்கீக? சிரிக்கிறதுக்கு என்ன இருக்கு இதுல? வண்டிய நிறுத்திட்டுச் சிரிக்கிற அளவுக்கு என்ன...

என்னது? சம்பளமில்லாம எவன் வேலை பாப்பான்னா கேக்கீக? எவனும் பாக்க மாட்டான். வேலைக்காரன் பாக்க மாட்டான். சம்பளமில்லாம பாக்கிறது, அது வந்து...

அட.

அட, ஆமா. "போடுங்க"ன்னுல்ல சொன்னா. "வெரசா வாங்க"ன்னா. ஒரு வருசமா "இந்தாய்யா, கொழைய ஒடி"ன்னவ. தரகனாம் தரகன், துண்டுக்குள்ள அவ என்ன பேசுனான்னு நீங்க சொல்லி நான் தெரிஞ்சுக்கிறேன். வண்டிய எடுங்க அண்ணாச்சி, எடுங்க. திரும்புற வழியில ஒரு கடையில நிறுத்தணும், வடை வாங்கணும். இந்தத் தடவை மடியில கட்டிக் கொண்டுபோறேன், எந்த ஆடு திங்குதுன்னு பாத்துர்றேன்.

இந்தா, இந்த ஓட்டு வீடுதான். கொழந்தைய இடுப்புல வெச்சுக்கிட்டு நிக்கிதுல்ல, அந்தப் புள்ளதான். நிறுத்துங்க.

யம்மா மாரிக்கண்ணு! வாம்மா, கயித்தப் புடி. இந்தச் செனை ஆட்ட மட்டும் ஒரு வாரத்துக்கு ஓட விடாத. கொழந்தைய நான் வாங்கிக்கிறேன், குடு. வாடா தங்கம், இந்தத் துண்டப் புடிச்சு வெளையாடு. யாரு குடுத்துவிட்டதா? நம்ம காளீஸ்வரிதான். நான் யாரா? என்னம்மா இப்படிக் கேட்டுட்ட! நாந்தாம்மா காளீஸ்வரியோட வீட்டுக்காரன்!

என்னம்மா? ஏம்மா அப்படிப் பாக்குற? ஓடிப்போனவரா? இல்லம்மா, ஓடிப்போகல, அதாவது ஓடுனேன், ஆனா அது... ஆட்டுக்காகத்தாம்மா, ஒரு மாசந்தான்னு... ஏம்மா, கயித்தக் கீழ போட்டுட்ட?

அண்ணாச்சி, வண்டிய அணைச்சுட்டு கொஞ்சம் எறங்கி வாங்களேன். நீங்களே இந்தப் புள்ளைக்கு எடுத்துச் சொல்லுங்க. வழி பூரா ஒங்ககிட்டதான சொல்லிக்கிட்டு வந்தேன்.